மேற்கோள் எண்ணும் ஆய்வாளர் மதிப்பும்

உயிர்மருத்துவத் துறையில் பணியாற்றும் ஓர் ஆய்வாளரைப் பற்றி அறிய விரும்புவோர் இன்று முதலில் காண்பது அவருடைய வெளியீட்டுப் பதிவையே. அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரைகள் எத்தனை, பிறர் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டியுள்ளனர், அவருடைய எச்-சுட்டெண் யாது என்னும் மூன்று எண்கள் அப்பதிவின் முகப்பில் நிற்கின்றன. பணி நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நிதி, பல்கலைக்கழகத் தரவரிசை ஆகிய யாவற்றிலும் இவ்வெண்களுக்கு இடமுண்டு. முதுகலை படிக்கும் மாணவர் ஒருவர், எந்தப் பொருளை ஆராய்வது என்று எண்ணுவதற்கு முன்பே, எந்த ஆய்விதழில் எழுதினால் எண் உயரும் என்று எண்ணத் தொடங்கும் காலம் இது.

எண்கள் ஒப்பிடுவதற்கு எளியவை. ஒருவரின் நாற்பதாண்டு உழைப்பைப் படித்து அறிவதற்குத் துறைப்பயிற்சியும் நேரமும் தேவை. அவருடைய சுட்டெண்ணைப் பார்ப்பதற்கு ஒரு நொடி போதும். ஆயினும் அந்த ஒரு நொடியில் நாம் அறிவது என்ன, அறியாமல் விடுவது என்ன என்பதை ஆசிரியரும் மாணவரும் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். மேற்கோள் எண் ஓர் ஆய்வு எத்துணைப் பயன்படுத்தப்பட்டது என்பதன் சுவடு. யார் பயன்படுத்தினர், எதற்காகப் பயன்படுத்தினர் என்பதை அவ்வெண் கூறுவதில்லை. அதனைக் கட்டுரைகளைப் படித்தே அறிய இயலும். இக்கருத்தைச் சில உண்மை வரலாறுகளின் வழியே இங்கு விளக்குவோம்.

மேற்கோள் என்னும் வழக்கு

பிறர் கூற்றை எடுத்தாளும் மரபு தமிழுக்குப் புதியதன்று. தமக்கு முன்னிருந்த புலவர்களின் கொள்கையை வழிமொழியும்போது தொல்காப்பியர் 'என்ப' என்னும் ஒரு சொல்லால் அவர்களுக்குரிய இடத்தை அளித்துவிடுகிறார். பின்வந்த உரையாசிரியர்கள் தம் விளக்கத்திற்குச் சான்றாகப் பழம்பாடல்களை எடுத்துக்காட்டினர். தகடூர் யாத்திரை போன்ற நூல்கள் முழுமையாகக் கிடைக்காத நிலையிலும், உரைகளிலும் தொகைநூலிலும் எடுத்தாளப்பட்ட பாடல்களால்தான் அவற்றைப் பற்றி நாம் ஓரளவேனும் அறிகிறோம்.

இவ்வகையில் நம் கருத்துக்கு மிக நெருக்கமானது நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் கூறும் எழுவகை மதம். ஒரு நூலாசிரியர் கருத்துகளைக் கையாளும் ஏழு நிலைகளை அவர் வகுத்துக் காட்டுகிறார். பிறர் கருத்துக்கு உடன்படுதல் ஒன்று; மறுத்தல் ஒன்று; முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதல் ஒன்று; இருவர் மாறுபடும் இடத்தில் ஒருபக்கத்தைத் துணிதல் ஒன்று; பிறர் நூலின் குற்றத்தை எடுத்துக்காட்டுதல் ஒன்று. எஞ்சிய இரண்டும் ஆசிரியர் தம் கொள்கையைத் தாமே நிலைநாட்டுவதையும், பிறரைச் சாராது தம் கருத்தில் நிற்பதையும் பற்றியவை. ஆக, ஏழனுள் ஐந்து பிறர் கருத்தை எடுத்தாளும் முறைகளாகும். அவ்வைந்தும் தம்முள் வேறுபட்டவை. உடன்பாடும் மறுப்பும் எதிர்த்திசையில் செல்பவை. இன்றைய மேற்கோள் எண்ணோ இவை அனைத்தையும் 'ஒன்று, இரண்டு, மூன்று' என ஒரே தட்டில் இட்டு எண்ணுகிறது. இவ்வேறுபாட்டை நினைவிற்கொண்டு மேலே செல்வோம்.

எண்ணும் முறை தோன்றிய வரலாறு

அறிவியல் மேற்கோள்களை முறையாகத் தொகுக்க வேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்தியவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு. 1955ஆம் ஆண்டு 'சயன்ஸ்' ஆய்விதழில் அவர் இதுகுறித்து எழுதினார். அவருக்கு முன்மாதிரியாக அமைந்தது சட்டத்துறை. ஒரு நீதிமன்றத் தீர்ப்பு பிற்காலத்தில் எந்தெந்த வழக்குகளில் எடுத்தாளப்பட்டது, ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்பதைக் காட்டும் 'ஷெப்பர்டு' என்னும் அட்டவணை 1873 முதல் அமெரிக்க வழக்கறிஞர்களிடையே வழங்கி வந்தது. அதைப் போன்றதோர் அட்டவணை அறிவியலுக்கும் வேண்டும் என்றார் கார்ஃபீல்டு.

அவர் கூறிய நோக்கம் கருதத்தக்கது. ஒரு கட்டுரையை நம்பிப் பயன்படுத்தும் ஆய்வாளர், அக்கட்டுரையைப் பின்னர் யாரேனும் மறுத்துள்ளனரா, திருத்தியுள்ளனரா என்பதை அறிய வழி இருத்தல் வேண்டும். பிழைபட்ட, காலாவதியான முடிவுகள் ஆராயப்படாமல் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுவதைத் தடுத்தல் வேண்டும் என்பது அது. அதாவது, மேற்கோள் சுட்டி முதலில் தேடிப் படிப்பதற்கான கருவியாகவே எண்ணப்பட்டது. 1960களில் அறிவியல் மேற்கோள் சுட்டி நூல்வடிவில் வெளிவரத் தொடங்கியது. கருவி கைக்கு வந்தபின், அதைக் கொண்டு இதழ்களையும் மனிதர்களையும் வரிசைப்படுத்தும் வழக்கம் வளர்ந்தது.

மூன்று அளவைகள்

இன்று வழக்கிலுள்ள அளவைகளில் முதன்மையானவை மூன்று.

முதலாவது மேற்கோள் மொத்தம். ஓர் ஆய்வாளரின் எல்லாக் கட்டுரைகளும் பெற்ற மேற்கோள்களின் கூட்டுத்தொகை இது.

இரண்டாவது தாக்கக் காரணி. இஃது ஆய்விதழுக்கு உரியது. ஓர் இதழ் 2021, 2022 ஆகிய ஈராண்டுகளில் 200 கட்டுரைகளை வெளியிட்டது என்றும், அவை 2023ஆம் ஆண்டில் 1,000 முறை மேற்கோள் காட்டப்பட்டன என்றும் கொள்வோம். 1,000த்தை 200ஆல் வகுத்தால் வரும் 5 என்பதே அவ்விதழின் 2023ஆம் ஆண்டுத் தாக்கக் காரணி. இது வெறும் சராசரி. அவ்விருநூறு கட்டுரைகளுள் பத்தே கட்டுரைகள் பெரும்பாலான மேற்கோள்களைப் பெற்றிருக்கலாம்; நூறு கட்டுரைகள் ஒன்றுகூடப் பெறாதிருக்கலாம். ஆகவே இதழின் சராசரியைக் கொண்டு அதில் எழுதிய ஒருவரின் கட்டுரையை மதிப்பிடுவது, வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைக் கொண்டு ஒரு மாணவரின் விடைத்தாளைத் திருத்துவது போன்றதாகும்.

மூன்றாவது எச்-சுட்டெண். இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005ஆம் ஆண்டு இதனை முன்மொழிந்தார். ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் மிகுதியின்படி இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். ஐந்து கட்டுரைகள் முறையே 50, 20, 6, 4, 1 மேற்கோள்களைப் பெற்றுள்ளன எனின், நான்கு கட்டுரைகள் ஒவ்வொன்றும் நான்கோ அதற்கு மேலோ பெற்றுள்ளன. ஐந்தாவது ஐந்தை எட்டவில்லை. எனவே எச்-சுட்டெண் 4. ஒரே ஒரு புகழ்பெற்ற கட்டுரையால் எண் வீங்குவதையும், யாரும் படிக்காத பல கட்டுரைகளால் பட்டியல் நீள்வதையும் இவ்வளவை ஓரளவு தடுக்கிறது. ஆயினும் இதற்கும் எல்லையுண்டு. ஐந்தே கட்டுரைகள் எழுதி ஒவ்வொன்றும் ஐயாயிரம் மேற்கோள் பெற்றவருக்கும், ஐந்து கட்டுரைகளுக்கு ஐந்தைந்து மேற்கோள் மட்டுமே பெற்றவருக்கும் எச்-சுட்டெண் ஒன்றே. மேலும், இவ்வெண் குறைவதே இல்லை. ஒருவர் ஆய்வை நிறுத்திய பின்னும் அது வளரக்கூடும். எனவே இளைஞரையும் முதியவரையும் இதனால் ஒப்பிட இயலாது. ஆண்டுதோறும் பெருந்தொகையான கட்டுரைகள் வெளிவரும் உயிர்மருத்துவத்தையும், குறைவாக எழுதப்படும் கணிதத்தையும் ஒப்பிடவும் இயலாது.

மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை

அறிவியல் உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளின் பட்டியலை 2014ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. முதலிடத்தில் நின்றது 1951ஆம் ஆண்டு உயிர்வேதியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரை. அதை எழுதியவர்கள் ஆலிவர் லோரி, நீரா ரோஸ்புரோ, லூயிஸ் ஃபார், ரோஸ் ராண்டல் ஆகிய நால்வர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறையில் பணியாற்றியவர் லோரி. அப்பட்டியல் வெளியான வேளையில் அக்கட்டுரை மூன்று இலட்சம் முறைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டிருந்தது.

அக்கட்டுரை எந்நோய்க்கும் மருந்து கூறவில்லை. உயிரைப் பற்றிய புதிய கொள்கை எதனையும் நிறுவவில்லை. ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு உள்ளது என்று அளக்கும் முறையை அது விளக்கியது. காரத்தன்மையுள்ள கரைசலில் செம்பு அயனிகளைப் புரதத்துடன் சேர்த்து, அதனுடன் ஃபோலின் வினைபொருளைக் கலந்தால் நீலநிறம் தோன்றும். புரதம் மிகுந்தால் நிறம் ஆழமாகும். அந்நிறத்தின் செறிவைக் கருவியால் அளந்து புரதத்தின் அளவைக் கணிக்கலாம். மிகச் சிறிய அளவிலான புரதத்தையும் இம்முறை காட்டித் தந்தது.

ஒரு நொதியின் செயலாற்றலை அளக்க விரும்புபவர், ஈரல் திசுவை ஆராய்பவர், நுண்ணுயிரின் செல்லைப் பிரித்துப் பார்ப்பவர் ஆகிய அனைவரும் முதலில் தம் சோதனைக்குழாயில் எவ்வளவு புரதம் உள்ளது என்று அறிதல் வேண்டும். ஆகவே உலகெங்கும் உயிர்வேதியியல் ஆய்வகங்களில் லோரியின் முறை அன்றாட வேலையாயிற்று. ஒவ்வொருவரும் தம் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் 'லோரி முதலியோர், 1951' என்று ஒரு வரி எழுதினர். அவ்வரிகளே சேர்ந்து மூன்று இலட்சமாயின. அப்பட்டியலில் இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பெற்ற லெம்லியின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையும், பிராட்ஃபோர்டின் 1976ஆம் ஆண்டுக் கட்டுரையும் புரதத்தைப் பிரிக்கும் முறை, அளக்கும் முறை ஆகியவற்றைப் பற்றியனவே.

லோரி இப்புகழைப் பற்றித் தெளிவாக இருந்தார். அது தம் சிறந்த கட்டுரை அன்று என்பதை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்; எனினும் அதற்குக் கிடைத்த வரவேற்பு தமக்கு உள்ளூர மகிழ்ச்சி தருவதையும் மறைக்கவில்லை. தனியொரு நரம்பணுவின் உள்ளே நிகழும் வேதிமாற்றங்களை அளப்பதற்காக அவர் பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கிய நுண்ணளவை முறைகளே அவருடைய ஆய்வின் உயிர்நாடி. அப்பணியின் சிறப்பை அறிந்தோர் துறையில் இருந்தனர். ஆனால் எண்ணை மட்டும் பார்ப்பவர்க்கு நீலநிறக் கரைசல் ஒன்றே தெரியும்.

இதன் மறுபுறத்தையும் நோக்குவோம். மரபணுப் பொருளாகிய டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் 1953ஆம் ஆண்டு வெளியிட்டனர். இருபதாம் நூற்றாண்டு உயிரியலின் போக்கையே மாற்றிய அக்கட்டுரை, 'நேச்சர்' வெளியிட்ட முதல் நூறு கட்டுரைகளின் பட்டியலில் இடம்பெறவில்லை. அக்கருத்து பாடநூலில் ஏறி, அனைவரின் பொதுவறிவாகிவிட்டது. இன்று இரட்டைச் சுருளைக் குறிப்பிடும் ஆய்வாளர் எவரும் அதற்குச் சான்று காட்ட வேண்டிய தேவையில்லை. ஒரு கருத்து முழு வெற்றி பெறும்போது அதன் மேற்கோள் மறையத் தொடங்குகிறது. சமூகவியலாளர் இராபர்ட் மெர்ட்டன் இந்நிகழ்வைப் பெயரிட்டே விளக்கியுள்ளார்.

பவணந்தியார் வகுத்த ஐந்து நிலைகளோடு ஒப்பிட்டால், லோரி பெற்ற மேற்கோள்களுள் மிகப்பல உடன்பாடும் அல்ல, மறுப்பும் அல்ல. கருவியாக எடுத்துக்கொள்ளுதல் என்னும் ஆறாவது நிலை ஒன்று இங்குத் தேவைப்படுகிறது.

குற்றங்காட்டும் மேற்கோள்

எல்லா மேற்கோளும் பாராட்டு எனக் கொள்வது பெரும்பிழைக்கு இட்டுச்செல்லும். 1998ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பிறரும் எழுதிய ஒரு கட்டுரை வெளிவந்தது. பன்னிரண்டு குழந்தைகளை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட அக்கட்டுரை, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான கூட்டுத் தடுப்பூசிக்கும் மதியிறுக்கத்திற்கும் தொடர்பு இருக்கலாம் என்னும் ஐயத்தை எழுப்பியது. பின்னர் நிகழ்ந்த விரிவான ஆய்வுகள் அத்தொடர்பு இல்லை எனக் காட்டின. கட்டுரையில் நேர்மைக்கேடு இருந்தமை வெளிப்பட்டு, 2010ஆம் ஆண்டு 'லான்செட்' அதனைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

அக்கட்டுரை ஆயிரம் முறைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டுள்ளது. அவற்றுள் பெரும்பகுதி அதை மறுப்பதற்காகவோ, அதன் குற்றத்தைக் காட்டுவதற்காகவோ எழுந்தவை. கணினி எண்ணும்போது அவையும் 'தாக்கம்' என்னும் கணக்கில் சேரும். அதனால் விளைந்த தாக்கமும் உண்மையானதே: தடுப்பூசிக்கு அஞ்சிய பெற்றோர், தடுப்பூசி பெறாத குழந்தைகள், மீண்டும் தலைதூக்கிய தட்டம்மை. எனினும் இது போற்றத்தக்க தாக்கம் என்று எவரும் கூறார். மறுப்பைக் கண்டறிவதற்காகக் கார்ஃபீல்டு எண்ணிய கருவி, மறுப்பையும் மதிப்பாகக் கூட்டிக்காட்டும் நிலைக்கு வந்தது வியப்புக்குரிய முரண்.

நீண்ட இடைவெளியின் பயன்

இனி, குறைவாக எழுதிய ஓர் அறிஞரைக் காண்போம். பிரிட்டனைச் சேர்ந்த பிரெடெரிக் சாங்கர் வேதியியலுக்கான நோபெல் பரிசை இருமுறை பெற்றவர். இன்சுலினில் அமினோ அமிலங்கள் அமைந்துள்ள வரிசையைக் கண்டறிந்ததற்காக 1958ஆம் ஆண்டிலும், டி.என்.ஏ.யின் எழுத்துவரிசையைப் படிக்கும் முறையை வகுத்ததற்காக 1980ஆம் ஆண்டிலும் அவர் பரிசு பெற்றார். இவ்விரு சாதனைகளுக்கும் இடையில் நெடுங்காலம் அவர் கையால் சோதனை செய்துகொண்டே இருந்தார்; ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று எழுதிக் குவிக்கவில்லை.

சாங்கர் 2013ஆம் ஆண்டு மறைந்தபின், அவரோடு கேம்பிரிட்ஜில் பணியாற்றிய சிட்னி பிரென்னர் ஓர் இரங்கற்குறிப்பு எழுதினார். சாங்கரைப் போன்ற ஒருவர் இன்றைய அறிவியல் உலகில் நிலைத்திருக்க முடியாது என்பது அதில் அவர் சொன்ன கருத்து. 1952ஆம் ஆண்டின் இன்சுலின் ஆய்வுக்கும் 1967ஆம் ஆண்டின் ஆர்.என்.ஏ. ஆய்வுக்கும் இடையிலும், அதன்பின் 1977 வரையிலும் குறிப்பிடத்தக்க வெளியீடு இல்லை என்று கூறி ஏதேனும் ஒரு மதிப்பீட்டுக் குழு அவரைக் குறைசொல்லியிருக்கும் என்றார். பிரென்னர் சிங்கப்பூரோடு நெருங்கிய உறவுடையவர். இங்கு மூலக்கூறு, உயிரணு உயிரியலுக்கான ஆய்வுக்கழகம் உருவாவதற்குத் துணைநின்றவர். 2003ஆம் ஆண்டு சிங்கப்பூரின் மதிப்புறு குடிமகனாகச் சிறப்பிக்கப்பட்டவர். 2019ஆம் ஆண்டு இத்தீவிலேயே மறைந்தவர். இளம் ஆய்வாளர்களை வளர்ப்பதில் ஈடுபட்டிருந்த ஒருவரின் எச்சரிக்கை என்பதால் அவர் கூற்று நமக்கு மேலும் பொருளுடையதாகிறது.

1977ஆம் ஆண்டு சாங்கரும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட டி.என்.ஏ. வரிசைக் கட்டுரை, முன்கூறிய 'நேச்சர்' பட்டியலில் நான்காம் இடம் பெற்றது. எண்ணைப் பெரிதென மதிப்பவர்கள் கூட ஏற்கும் அக்கட்டுரை, எண்ணைப் பொருட்படுத்தாத நீண்ட உழைப்பின் விளைவு. அந்த இடைவெளியில் அவரை ஆண்டுக்கணக்குப் பார்த்து விலக்கியிருந்தால் அக்கட்டுரை பிறந்திருக்காது.

கட்டுரைக்கு முன்னே வந்த தாக்கம்

நம் வட்டாரத்தில் நிகழ்ந்த ஒன்று இக்கருத்தை இன்னும் தெளிவாக்கும். 1998ஆம் ஆண்டு செப்டம்பரில் பேராக் மாநிலத்து ஈப்போ வட்டாரத்தில் மூளையழற்சி நோய் பரவத் தொடங்கியது. பின்னர் அது நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பன்றிப் பண்ணைகளை எட்டியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளையழற்சி என்று முதலில் கருதப்பட்டதால், கொசு ஒழிப்பும் அந்நோய்க்குரிய தடுப்பூசியும் மேற்கொள்ளப்பட்டன. எனினும் நோய் அடங்கவில்லை. ஜப்பானிய மூளையழற்சி பெரிதும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கோ பன்றிகளோடு நெருங்கி வேலைசெய்த வயதுவந்த ஆண்களே மிகுதியாக நோயுற்றனர்.

1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து இதுவரை அறியப்படாத ஒரு நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வகங்களில் அது புதிய நச்சுயிரி என்பது உறுதியாயிற்று. சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரால் அது 'நிப்பா' என்று வழங்கலாயிற்று. பகைவன் யார் என்பது தெரிந்ததும் நடவடிக்கையின் திசை மாறியது. கொசுவை விட்டுப் பன்றிப் பண்ணைகள் மீது கவனம் திரும்பியது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். மலேசியப் பன்றிகளைக் கையாண்ட சிங்கப்பூர் இறைச்சிக்கூடப் பணியாளர்களுள் 11 பேர் நோயுற்று ஒருவர் இறந்தார். 1999ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் பரவல் ஓய்ந்தது.

நிப்பாவைப் பற்றிய விரிவான ஆய்வுக்கட்டுரைகள் 1999 அக்டோபரில் 'லான்செட்' இதழிலும், 2000 மே மாதத்தில் 'சயன்ஸ்' இதழிலும் வெளிவந்தன. அவை பலமுறை மேற்கோள் காட்டப்பட்டு வருகின்றன. வங்காளதேசத்திலும், 2018ஆம் ஆண்டு கேரளத்தின் கோழிக்கோட்டிலும் நிப்பா தோன்றியபோது உலக ஆய்வாளர்கள் அக்கட்டுரைகளை மீண்டும் புரட்டினர். ஆனால் பண்ணைத் தொழிலாளர்களைக் காத்த தாக்கம், முதல் மேற்கோள் பதிவாவதற்கு முன்பே நிகழ்ந்து முடிந்தது. மேற்கோள் எண் அதற்குப் பின்வந்த நிழல்.

எண்ணே இலக்கானால்

ஓர் அளவை இலக்காக மாறும்போது அதன் நம்பகம் குன்றும் என்னும் கருத்துப் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்குகிறது. மேற்கோள் எண்ணுக்கும் இது பொருந்தும். ஒரே ஆய்வை மூன்று நான்கு கட்டுரைகளாகத் துண்டுபோடுதல், தம் கட்டுரைகளைத் தாமே தேவையின்றி எடுத்தாளுதல், ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டிக்கொள்ள உடன்பாடு செய்துகொள்ளுதல், உழைப்பில் பங்குகொள்ளாதவரின் பெயரை ஆசிரியர் வரிசையில் சேர்த்தல் ஆகிய தீய வழக்கங்கள் எண்ணை நாடும் வேட்கையிலிருந்து பிறந்தவை.

இதனைக் கண்ட அறிவியலாளர்கள் 2012ஆம் ஆண்டு சான்ஃபிரான்சிஸ்கோவில் கூடி, 2013ஆம் ஆண்டு ஓர் அறிவிப்பை வெளியிட்டனர். தனியொருவரின் ஆய்வை மதிப்பிடுவதற்கு இதழின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தலாகாது என்பது அதன் மையக்கருத்து. 2015ஆம் ஆண்டு வெளியான லெய்டன் கொள்கை விளக்கம் பத்து நெறிகளைக் கூறியது. வட்டாரத் தேவைக்குரிய ஆய்வின் சிறப்பைக் காத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆங்கில இதழில் வெளியாவதே சிறப்பு என்னும் எண்ணம், தம் மண்ணின் சிக்கலைத் தம் மொழியில் ஆராய்வோரைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்று அது சுட்டிக்காட்டியது.

தமிழில் பயிற்றுவோரும் பயில்வோரும் இந்நெறியை ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். தட்டம்மைத் தடுப்பூசியைப் பற்றிய அச்சத்தைத் தெளிந்த தமிழில் எழுதிப் போக்கும் மருத்துவருக்கு எந்தச் சுட்டியும் எண் வழங்காது. நிப்பா எவ்வாறு பரவுகிறது என்பதைப் பண்ணைத் தொழிலாளிக்கு அவர் மொழியில் விளக்கியவரின் உழைப்பும் எப்பதிவிலும் ஏறாது. எண்ணில் சேராததால் அப்பணிகள் மதிப்பற்றவை என்று இளைய தலைமுறை கருதிவிட்டால், அவற்றைச் செய்வதற்கு ஆள் இல்லாமற் போகும். அறிவியல் தமிழ் வளர்வதும் தேய்வதும் இம்மதிப்பீட்டைப் பொறுத்தன.

பதிவைப் படிக்கும் முறை

ஆகவே ஓர் ஆய்வாளரின் வெளியீட்டுப் பதிவைக் காணும்போது சில கேள்விகளை எழுப்பிப் பார்க்கலாம். அவருடைய கட்டுரைகளுள் மிகுதியாக எடுத்தாளப்பட்டது எது? அது புதிய கண்டுபிடிப்பா, செய்முறையா, பிறர் ஆய்வுகளைத் தொகுத்துரைக்கும் மீள்பார்வைக் கட்டுரையா? ஆசிரியர் வரிசையில் அவர் பெயர் எங்குள்ளது? உயிர்மருத்துவத்தில் முதற்பெயர் பெரும்பாலும் சோதனையை முன்னின்று செய்தவருக்கும், இறுதிப்பெயர் ஆய்வகத் தலைவருக்கும் உரியது. அவரை எடுத்தாண்டவர்கள் உடன்பட்டனரா, மறுத்தனரா, கருவியாகக் கொண்டனரா? அவருடைய ஆய்வால் நோயாளியின் சிகிச்சையிலோ, அரசின் நடவடிக்கையிலோ, பாடநூலிலோ மாற்றம் ஏதும் நிகழ்ந்ததா? இறுதியாக, அவர் எழுதிய கட்டுரை ஒன்றையேனும் நாம் படித்தோமா?

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைப் பயிற்சியாகவும் அமைக்கலாம். மேல்நிலை மாணவர்களிடம் ஓர் ஆய்வுக்கட்டுரையைத் தந்து, அதை எடுத்தாண்ட பத்துக் கட்டுரைகளைத் தேடச் சொல்லலாம். அப்பத்தினையும் நன்னூல் கூறும் நிலைகளின்படி வகைப்படுத்தச் செய்யலாம்: இவை உடன்பட்டவை, இவை மறுத்தவை, இவை ஏற்றுப் பின் களைந்தவை, இவை இருவருள் ஒருவர் பக்கம் துணிந்தவை, இவை குற்றங்காட்டியவை. எதிலும் அடங்காதவற்றைக் கருவியாகக் கொண்டவை எனத் தனியே வைக்கலாம். முன்பு பத்து என்னும் ஓர் எண்ணாகத் தோன்றியது, அப்போது பத்து மனிதர்கள் ஒரு கருத்தோடு நடத்திய உரையாடலாகத் தெரியவரும். இலக்கணப் பாடமும் அறிவியல் பாடமும் ஒரே வகுப்பில் கைகோக்கும் வாய்ப்பும் அதனால் கிட்டும்.